பச்சைக்கு ஓடிய நீலத்தைப் பிடித்து நிறுத்தியது – என் அனுபவம்

குளோரினும் புரோமினும் கலந்த பெரோவ்ஸ்கைட் குவாண்டம் புள்ளிகளில் (ஒளிரும் மிக நுண்ணிய படிகத் துகள்களில்) நீல ஒளி எடுக்க நான்கு மாதம் போராடினேன். புற ஊதா விளக்கை அடித்தால் முதலில் அழகான நீலம், கொஞ்ச நேரத்தில் பச்சைப் பக்கம் நகர்ந்துவிடும். வெளிச்சத்தில் இரண்டு ஹாலைடுகளும் (குளோரைடும் புரோமைடும்) தனித்தனியாகப் பிரிவதுதான் காரணம். சரி, குளோரினே வேண்டாம் என்று வெறும் சீசியம் ஈய புரோமைடை மூன்றடுக்குத் தடிமனுள்ள நுண்தகடுகளாக வளர்த்தேன், 460 நானோமீட்டர் அருகே, அதாவது நீலத்தில், ஒளிர்ந்தது.

அப்புறம் அடுத்த தலைவலி. அசிட்டோன் ஊற்றி இரண்டு முறை கழுவியதில் மேற்பரப்பைக் காத்த ஓலைலமைன் உரிந்து, தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டித் தடித்து, மறுநாள் குப்பியின் அடியில் பச்சை வளையம்! இப்போது கழுவுவதே இல்லை, ஒரே ஒரு முறை சுழற்றிப் பிரித்து, ஹெக்சேனில் கலக்கி, ஈய புரோமைடு, ஓலிக் அமிலம், ஓலைலமைன் சேர்ந்த கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடுகிறேன். தகடுகளின் மேற்பரப்பில் காலியான புரோமைடு இடங்கள் நிரம்ப நிரம்ப, மங்கிக் கிடந்த குப்பி கண்ணெதிரே பளீரென்று நீலமாகிறது.