ஃபிளாஷ் டிரைவரில் மேசையில் தெரியாத தவறுகள்

ஃபிளாஷ் டிரைவர், அதாவது கரண்ட் போனாலும் தரவு அழியாத ஃபிளாஷ் நினைவகத்தைக் கையாளும் புரோகிராம், பார்க்கச் சின்ன வேலைதான். படி, எழுது, அழி என்று மூன்றே ஃபங்ஷன். ஒரு மதியத்தில் எழுதி முடித்து மேசையில் வைத்து ஓட்டினால் முதல் தடவையே ஓடும். சிக்கலே அதுதான். இதில் வரும் பிழைகள் மேசையில் வருவதில்லை. கரண்ட் அடிக்கடி போய்வரும் இடத்திலோ, இரண்டு வருஷம் ஓடித் தேய்ந்த போர்டிலோ, வேறு கம்பெனி சிப்பைப் பொருத்திய அடுத்த லாட்டிலோதான் வரும். அதற்குள் டிரைவரை எழுதியவர் வேறு வேலைக்குப் போயிருப்பார்.

நான் பார்த்த வரையில் பெரும்பாலான தவறுகளுக்கு வேர் ஒன்றுதான். எழுதுவதைப் பற்றி நிறைய யோசிக்கிறோம், அழிப்பதைப் பற்றி யோசிப்பதே இல்லை.

அடிப்படை எல்லோருக்கும் தெரியும். இந்த வகை போர்டுகளில் இருக்கும் நார் (NOR) ஃபிளாஷை அழித்தால் எல்லா பிட்டும் 1 ஆகும். எழுதும்போது 1-ஐ 0 ஆக்க மட்டும்தான் முடியும். திரும்ப 1 வேண்டுமென்றால் அந்த பேஜையோ செக்டரையோ (ஒரே தடவையில் அழியும் துண்டு) முழுக்க அழிக்க வேண்டும். ஆனாலும் பிசியில் டெஸ்ட் செய்ய ஒரு போலி ஃபிளாஷ் எழுதும்போது, பழைய பைட்டின் மேல் புதிய பைட்டை அப்படியே நகலெடுத்துவிடுகிறோம். அழிக்க மறந்த கோடும் (புரோகிராமும்) அதில் ஜம்மென்று பாஸாகும். எஸ்டிஎம்32 எஃப்4 (ஒரு மைக்ரோகண்ட்ரோலர், அதாவது சிபியுவும் ஃபிளாஷும் ஒன்றாக இருக்கும் சிப்) போன்ற நிஜ சிப்பில் 5 இருக்கும் இடத்தில் 3 எழுதினால், திரும்பப் படிக்கையில் வருவது 1. 0101, 0011 இரண்டிலும் 1 இருக்கும் பிட் மட்டும்தான் மிஞ்சும். போலியிலும் இதே ஆண்ட் (AND) கணக்கை வைத்தால் பாதிப் பிழைகள் மேசையிலேயே சிக்கிவிடும்.

இதே ஆண்ட் குணத்தைச் சாமர்த்தியமாகப் பயன்படுத்துகிறவர்களும் உண்டு. ஒரு ரெக்கார்டை ‘செல்லாது’ என்று குறிக்க, அழிக்காமல் அதன் தலைப்பில் ஒரு பிட்டை மட்டும் 0 ஆக்குவார்கள். எஃப்4-இல் இது நடக்கும். அந்தக் கோடை அதே எஸ்டிஎம்32 குடும்பத்து எல்4-க்கு எடுத்துப் போனால் நடக்காது. அங்கே 64 பிட்டுக்கு 8 பிட் இசிசி (பிழை திருத்தும் குறியீடு) கூடவே எழுதப்படுகிறது. எழுதிய இடத்தில் மறுபடி எழுத விடாது, முழுக்க 0 எழுதுவது மட்டும் விதிவிலக்கு. அதே குடும்பத்து எச்743-இல் ஒரு தடவை எழுதும் அளவே 256 பிட். ஆகவே ‘ஒரு தடவைக்கு இத்தனை பைட், ஓர் இடத்தில் ஒரே தடவைதான்’ என்று ஆரம்பத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். ரெக்கார்டின் நீளமும் அந்த அளவின் மடங்காக இருக்கட்டும். பின்னால் சிப் மாற்றும்போது உங்களை நீங்களே திட்டிக்கொள்ள வேண்டியிருக்காது.

தேய்மானக் கணக்கு போடாமல் விடுவது

மைக்ரோகண்ட்ரோலருக்குள் இருக்கும் ஃபிளாஷுக்கு டேட்டாஷீட்டில் பெரும்பாலும் 10,000 தடவை அழிக்கலாம் என்றுதான் உத்தரவாதம் இருக்கும். கேட்கப் பெரிய எண். நிமிஷத்துக்கு ஒரு தடவை ஒரு கவுண்டரைச் சேமிக்கிறீர்கள், ஒவ்வொரு தடவையும் அதே பேஜை அழித்து எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளுக்கு 1,440 நிமிஷம். 10,000 தடவை ஏழு நாளைக்குள் தீர்ந்துவிடும்.

அதே 2 கேபி பேஜில் 16 பைட் ரெக்கார்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போய், நிறைந்த பிறகு மட்டும் அழித்தால்? ஒரு பேஜில் 128 ரெக்கார்டு. 128 நிமிஷத்துக்கு ஒரு தடவைதான் அழிக்க வேண்டும். ஆயுள் கிட்டத்தட்ட 890 நாள். நான்கு பேஜைச் சுற்றில் விட்டால் ஒன்பதரை வருஷத்துக்கும் மேல். சிப்பும் அதேதான், தேவையும் அதேதான். இந்தக் கணக்கை டிரைவர் ஃபைலின் தலையிலேயே கமெண்டாக எழுதிவைப்பது என் வழக்கம். ‘நிமிஷத்துக்குப் பதில் நொடிக்கு ஒரு தடவை சேமிக்கலாமே’ என்று யாராவது வந்து கேட்கும்போது அதைக் காட்டினால் போதும்.

அழிக்கும் நேரத்தில் சிபியு என்ன செய்கிறது?

எஃப்4-இல் 128 கேபி செக்டர் ஒன்றை அழிக்கச் சுமார் ஒரு நொடி ஆகும், இரண்டு நொடி வரை போகலாம். அவ்வளவு நேரமும் அதே பேங்கிலிருந்து (ஃபிளாஷின் பகுதியிலிருந்து) கோடைப் படிக்க முயலும் சிபியு அப்படியே நின்றுவிடும். இன்டரப்டும் (அவசர வேலைக்காக சிபியுவை இடைமறிப்பது) ஓடாது. 115200 வேகத்தில் யுஏஆர்டியில் (சீரியல் இணைப்பில்) வரும் தரவு என்றால் ஒரு நொடிக்கு 11,520 பைட்; அத்தனையும் போச்சு. சிபியு நின்றுபோனால் ரீசெட் செய்யும் வாட்ச்டாக்கை அரை நொடிக்கு வைத்திருந்தால் அழித்து முடிப்பதற்குள் ரீசெட். எழுந்ததும் டிரைவர் செக்டரைப் பார்க்கும், பாதி அழிந்து கிடக்கும், ‘சரி, அழிப்போம்’ என்று ஆரம்பிக்கும், மறுபடி ரீசெட். இந்தச் சுழலில் மாட்டிய போர்டு வெளியிலிருந்து பார்க்கச் செத்த போர்டு மாதிரிதான் இருக்கும்.

இதற்கு வழக்கமான தீர்வு, அழிக்கும் ஃபங்ஷனை ராமில் வைத்து ஓட்டுவது. அதையும் அரைகுறையாகத்தான் செய்கிறோம். ஃபங்ஷன் ராமில் இருக்கும், அது கூப்பிடும் இன்னொரு ஃபங்ஷன் ஃபிளாஷில் இருக்கும். சில சமயம் அந்த இன்னொன்றை நாம் எழுதியிருக்கவே மாட்டோம். வகுத்தலுக்கோ நகலெடுக்கவோ கம்பைலரே நுழைத்த லைப்ரரி ரொட்டீனாக இருக்கும். ஸ்விட்ச் கட்டளை ஒன்றின், எங்கே தாவுவது என்று சொல்லும் ஜம்ப் டேபிள்கூட ஃபிளாஷில் உட்கார்ந்திருக்கும். இன்டரப்ட் வந்தால் எங்கே போவது என்று சொல்லும் வெக்டர் டேபிளை ராமுக்கு நகர்த்த மறப்பது தனிக்கதை. எது எந்த இடத்தில் இருக்கிறது என்று காட்டும் மேப் ஃபைலைத் திறந்து முகவரிகளை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிடுங்கள். ஆர்பி2040 போல வெளி ஃபிளாஷிலிருந்தே கோடை ஓட்டும் சிப்பில் இன்டரப்டை நிறுத்தினால் மட்டும் போதாது, இரண்டாவது கோரையும் (சிப்பின் இன்னொரு சிபியுவையும்) நிறுத்தியாக வேண்டும்.

இன்னொரு பொறி டைம்அவுட், அதாவது எவ்வளவு நேரம் காத்திருப்பது என்ற வரம்பு. இன்டரப்டை எல்லாம் அணைத்துவிட்டு, சிஸ்டிக் டைமரின் இன்டரப்ட் ஏற்றும் மில்லிநொடி எண்ணைப் பார்த்துக் காத்திருப்போம். அந்த எண் ஏறவே ஏறாது. காத்திருப்புக்கு முடிவே இல்லை.

வெளி எஸ்பிஐ ஃபிளாஷ்

எஸ்பிஐ என்ற சில கம்பி இணைப்பில் தனியே பொருத்தும், வின்பாண்ட் கம்பெனியின் டபிள்யூ25க்யூ வகைச் சிப்பில் பேஜ் 256 பைட். பேஜின் 250-ஆவது இடத்திலிருந்து 20 பைட் எழுதச் சொன்னால் முதல் ஆறு பைட் சரியாகப் போய் உட்காரும். மீதி 14 அடுத்த பேஜுக்குப் போகாது. அதே பேஜின் ஆரம்பத்துக்குத் திரும்பி, அங்கே இருந்ததன் மேல் விழும். சிப் எந்தப் பிழையும் சொல்லாது. டெஸ்டில் எப்போதும் 0-விலிருந்தே எழுதிப் பார்த்தால் இது தெரியவே தெரியாது. 255-ஆவது இடத்திலிருந்து 2 பைட் எழுதுவதைக் கட்டாய டெஸ்டாக வையுங்கள்.

ஒவ்வொரு எழுத்துக்கும், ஒவ்வொரு அழிப்புக்கும் முன்னால் ரைட் எனேபிள் கட்டளை போக வேண்டும். வேலை முடிந்ததும் அந்த அனுமதி தானாகவே அணைந்துவிடும். இதை மறப்பவர்கள் குறைவு. டேட்டாஷீட்டில் ‘வழக்கமான’ நேரத்தைப் பார்த்து டைம்அவுட் வைப்பவர்கள்தான் அதிகம். டபிள்யூ25க்யூ128ஜேவி-யில் 4 கேபி அழிக்க வழக்கமாக 45 மில்லிநொடி, அதிகபட்சம் 400. புதுச் சிப் 45-ஐ ஒட்டியே முடித்துவிடும், நீங்களும் 100 போதும் என்று நினைப்பீர்கள். சிப் தேயத் தேய அழிக்கும் நேரம் கூடிக்கொண்டே போகும். பெரிய எண்ணையே வையுங்கள்.

கரண்ட் போகும் கணம்

அழிப்பு பாதியில் நின்ற செக்டர் படிக்கையில் முழுக்க 1 என்றே காட்டலாம். அதனால் அது அழிந்துவிட்டது என்று ஆகாது. செல்கள் நடுவாந்தரமான நிலையில் இருக்கும். இன்று 1 என்று படிக்கும், சூடு ஏறினால் 0 என்று படிக்கும். அதனால் ‘எல்லாம் 1, ஆகவே காலி’ என்ற சோதனையை மட்டும் நம்பக் கூடாது. அழிப்பு ஒழுங்காக முடிந்த பிறகு செக்டரின் தலையில் ‘அழித்தாயிற்று’ என்று ஓர் அடையாளம் எழுதுங்கள். எழும்போது அந்த அடையாளம் இல்லாத செக்டரை, காலியாகத் தெரிந்தாலும், மறுபடி அழித்துவிடுங்கள்.

ரெக்கார்டிலும் அப்படித்தான்: முதலில் தரவு, அப்புறம் சிஆர்சி (தரவு கெட்டிருக்கிறதா என்று காட்டும் சரிபார்ப்பு எண்). புதியது முழுதாக இறங்கிச் சரிபார்க்கப்படும் வரை பழையதைத் தொடக் கூடாது. ஒரு போர்டில் நானே இதை மாற்றிச் செய்தேன். பழைய பேஜை அழித்துவிட்டுப் புதியதை எழுதினேன், இடைவெளி சில மில்லிநொடிதானே என்று. நூற்றுக்கணக்கான போர்டு தினமும் கரண்ட் போய்வரும் இடங்களில் ஓடும்போது, அந்தச் சில மில்லிநொடிக்குள் யாராவது ஒருவர் விழுந்தே தீர்வார். செட்டிங் எல்லாம் போய் ஃபேக்டரி நிலையில் திரும்பி வந்தன சில போர்டுகள்.

போலி ஃபிளாஷில் ‘இத்தனையாவது செயலில் கரண்ட் போகட்டும்’ என்று ஓர் எண் வைத்து, 1-லிருந்து கடைசி வரை ஒவ்வொன்றாக ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் எழுந்த பிறகு பழைய மதிப்போ புதிய மதிப்போ முழுதாக இருக்க வேண்டும். இரவு ஓடவிட்டால் காலையில் பதில் இருக்கும்.

பின்னால் வரும் மாற்றங்கள்

ஃபர்ம்வேர் (சிப்பில் ஓடும் புரோகிராம்) வளர்ந்துகொண்டே போய், செட்டிங் வைத்திருக்கும் பேஜின் மேல் ஏறிவிடும். அந்த இடத்தை, எது எங்கே இருக்க வேண்டும் என்று சொல்லும் லிங்கர் ஸ்கிரிப்டிலேயே தனியாக ஒதுக்கினால் பில்டே நின்றுவிடும், சத்தமில்லாமல் அழியாது. எஸ்டிஎம்32-இல் முந்தைய பிழைக் கொடி (பிழை நடந்ததைக் காட்டும் பிட்) அணைக்கப்படாமல் நின்றால் அடுத்த நல்ல எழுத்தும் தோற்றதாகவே தெரியும்; தொடங்கும் முன் கொடிகளைத் துடைத்துவிடுங்கள்.

மாற்றுச் சிப் பொருத்தும்போது முதலில் பார்க்க வேண்டியது, நான்கு கம்பியில் தரவு அனுப்ப அனுமதிக்கும் குவாட் எனேபிள் பிட். வின்பாண்டில் அது இரண்டாவது ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரில், மேக்ரோனிக்ஸ் கம்பெனி சிப்பில் முதல் ரெஜிஸ்டரின் 6-ஆவது பிட்டில். சிப்பின் கம்பெனியையும் வகையையும் சொல்லும் ஜெடெக் ஐடியைப் படிக்காமல் கண்ணை மூடிக்கொண்டு எழுதும் டிரைவர் அங்கே தப்பான பிட்டைத் தட்டிவிடும்.

ஃபிளாஷ் 16 எம்பிக்கு மேல் போனால் முகவரிக்கு 4 பைட் வேண்டும். டிரைவர் சிப்பை 4 பைட் நிலைக்கு மாற்றிவிட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது ரீசெட் பட்டனை அழுத்தினால், சிபியு எழும்போது முதலில் ஓடும் பூட் ரோம் 3 பைட்டில் பேசும், ஃபிளாஷ் 4 பைட்டுக்காகக் காத்திருக்கும். போர்டு எழாது. பவரைப் பிடுங்கிப் போட்டால் எழுந்துவிடும். நிலையை மாற்றாமல், 4 பைட் முகவரிக்கென்றே இருக்கும் தனிக் கட்டளைகளைப் பயன்படுத்தினால் இந்தத் தொல்லை இல்லை. அந்தக் கட்டளைகள் இல்லாத சிப் என்றால் ஃபிளாஷின் ரீசெட் பின்னையும் சிபியுவின் ரீசெட்டோடு சேர்த்துவிடச் சொல்லி, போர்டு வரைபவரிடம் ஆரம்பத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.