ஓடிக்கொண்டிருக்கும் மீன் தொட்டியில் செடிமண்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பல மாதங்களாகப் பிரச்சினை இல்லாமல் ஓடும் தொட்டி. மீன்கள் சுறுசுறுப்பாக இருக்கின்றன. வெறும் ஜல்லியில் நட்ட செடிகள்தான் வெளிறிப்போய் நிற்கின்றன. செடிமண் ஒரு பை வாங்கிப் போட்டால் சரியாகிவிடும் என்று எனக்கும் ஒருமுறை தோன்றியது. மீன்கள் உள்ளே இருக்கும்போதே டம்ளரில் அள்ளி மெதுவாகப் போட்டேன். தண்ணீர் கலங்கவில்லை, பார்க்க அழகாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள் காலையில் நியான் டெட்ராக்கள் எல்லாம் நீரின் மேல்மட்டத்துக்கு வந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன. அன்று மாலைக்குள் நான்கு செத்துப்போயின. அந்த மண் தண்ணீரில் என்ன செய்யும் என்று தெரியாமல் போட்டதுதான் காரணம்.

கடையில் செடிமண் என்று விற்பவை எல்லாம் ஒரே வகை கிடையாது. ஃப்ளோரைட் போன்ற களிமண் பரல்கள் அம்மோனியாவை (மீன் கழிவிலிருந்தும் வரும் நச்சு) விடுவதில்லை, தண்ணீரின் பி.எச். அளவையும் (அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்; 7 நடுநிலை) மாற்றுவதில்லை. அவற்றில் தூசிதான் தொல்லை. பலமுறை அலசிவிட்டுப் போட வேண்டும். ஏ.டி.ஏ. அமேசானியா போன்ற அக்வாசாயில்கள் வேறு ரகம். சத்து நிறைந்த மண்ணை உருண்டைகளாக்கிச் செய்தவை அவை. முதல் சில வாரங்கள் அம்மோனியாவை விட்டுக்கொண்டே இருக்கும். பி.எச். இறங்காமல் தாங்கிப் பிடிக்கும் கார்பனேட் கடினத்தன்மையைத் தண்ணீரிலிருந்து உறிஞ்சி, பி.எச். அளவை 7-க்குக் கீழே இறக்கும். இவற்றை அலசவும் கூடாது, உருண்டைகள் உடைந்து சேறாகிவிடும். எந்த வகை என்று தெரியாமல் பையைப் பிரிக்காதீர்கள்.

“என் தொட்டி பழையது, அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா நிறைய இருக்கிறது, அது பார்த்துக்கொள்ளும்” என்று பலரும் நம்புகிறார்கள். ஆனால், கிடைக்கும் உணவின் அளவுக்குத்தான் பாக்டீரியா பெருகியிருக்கும். பத்து மீன்களின் கழிவைத் தின்று வாழ்ந்த கூட்டத்தின் மேல் திடீரென்று பல மடங்கு அம்மோனியாவைக் கொட்டினால், அது பெருகி ஈடுகொடுக்க நாட்கள் பிடிக்கும். அதுவரை மீனின் செவுள்கள் தாங்காது. போதாக்குறைக்கு, அந்தப் பாக்டீரியாவில் ஒரு பங்கு பழைய ஜல்லியில் ஒட்டியிருக்கும். ஜல்லியை வெளியே எடுக்கும்போது அதுவும் போய்விடும்.

இதில் பலரும் கவனிக்காத ஒரு சிக்கல் உண்டு. தண்ணீரில் அம்மோனியா இரண்டு வடிவங்களில் இருக்கும். ஒன்று அம்மோனியம், அவ்வளவாக நச்சு இல்லாதது. மற்றது கொல்லும் அம்மோனியா. 25 டிகிரி வெப்பத்தில் பி.எச். 7 என்றால், மொத்தத்தில் ஆயிரத்தில் சுமார் 6 பங்குதான் நச்சு வடிவம். பி.எச். 8 ஆனால் அது சுமார் 54 பங்கு. அக்வாசாயில் பி.எச்.-ஐக் குறைத்து வைத்திருக்கும் வரை மீன்கள் எப்படியோ சமாளிக்கும். அப்புறம் டெஸ்ட் கிட்டில் அம்மோனியாவைப் பார்த்துப் பதறி, பி.எச். 8 உள்ள குழாய்த் தண்ணீரைப் பாதித் தொட்டிக்கு ஊற்றுவோம். அதுவரை சாதுவாக இருந்த அம்மோனியத்தில் ஒரு பகுதி அந்த நிமிடமே நச்சாக மாறும். காப்பாற்றச் செய்த வேலையே மீனைக் கொல்லும். அதனால்தான் மீன்களோடு அக்வாசாயில் போட்டுவிட்டு, தினமும் தண்ணீர் மாற்றிச் சமாளித்துக்கொள்ளலாம் என்ற யோசனையை நான் யாருக்கும் சொல்வதில்லை.

மீன்களை வேறிடத்தில் வைப்பதுதான் வழி. அதற்கும் முன்னேற்பாடு வேண்டும். மண்ணை மாற்றுவதற்கு ஒரு மாதம் முன்பே ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டரைத் தொட்டிக்குள் கூடுதலாக ஓடவிடுங்கள். அதில் பாக்டீரியா படிந்துவிடும். வேலை நாளன்று பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் பழைய தண்ணீரை நிரப்பி, மீன்களையும் அந்த ஸ்பாஞ்ச் ஃபில்டரையும் அதில் விட்டு, மேலே மூடி வையுங்கள். பயந்த மீன்கள் குதிக்கும். பெரிய ஃபில்டர் பழைய தொட்டியிலேயே இருந்து புது மண்ணைப் பழக்கும். மண் மாற்றிய அன்று மாலையே மீன்களைத் திரும்ப விடாதீர்கள். தண்ணீர் கண்ணாடிபோல் தெளிந்திருந்தாலும் அம்மோனியா கண்ணுக்குத் தெரியாது.

அடுத்து, பழைய ஜல்லி. அதனடியில் மாதக்கணக்கில் சேர்ந்த எச்சங்கள் இருக்கும். ஆழமான மணலாக இருந்தால் கருப்புத் திட்டுகளும், கிளறினால் அழுகிய முட்டை நாற்றமும் வரும். அது ஹைட்ரஜன் சல்ஃபைடு, மீன்களுக்குக் கொடிய விஷம். மீன்கள் உள்ளே இருக்கும்போது கையால் அள்ளிக் கிளறுவது ஆபத்து. மீன்களை வெளியே எடுக்கவே முடியாது, அம்மோனியா விடாத பரல்தான் போடப்போகிறோம் என்றால், அகலமான குழாயால் ஜல்லியைத் தண்ணீரோடு உறிஞ்சி, வாரத்துக்கு ஒரு பகுதியாக எடுங்கள். புதுப் பரலை அடி வெட்டிய பிளாஸ்டிக் பாட்டில் வழியாக அடிமட்டத்தில் இறக்கினால் அதிகம் கலங்காது.

ஜல்லியை எடுக்கச் சோம்பல்பட்டு அதன் மேலேயே மண்ணைப் போடுவதும் நடக்கிறது. சில மாதங்களில் பொடி கீழே இறங்கி, பெரிய கல் மேலே வந்துவிடும். செலவழித்த மண் ஜல்லிக்குள் மறைந்துபோகும்.

வேலை நாளன்று நடக்கும் சின்னத் தவறுகளையும் சொல்லிவிடுகிறேன். தண்ணீரை இறக்கும் முன் ஹீட்டரை அணைத்துக் கொஞ்ச நேரம் ஆறவிடுங்கள். சூடாக இருக்கும்போது தண்ணீருக்கு வெளியே வந்தால் கண்ணாடி வெடிக்கலாம். கேனிஸ்டர் ஃபில்டரை (தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய ஃபில்டர்) மணிக்கணக்கில் நிறுத்தி வைத்தால் உள்ளே ஆக்சிஜன் தீர்ந்து பாக்டீரியா சாகும்; ஒரு வாளித் தண்ணீரிலாவது ஓடிக்கொண்டிருக்கட்டும். அந்த வாரம் அதைச் சுத்தம் செய்யவே வேண்டாம். எவ்வளவு மண் வேண்டும் என்பதற்கு நீளம், அகலம், ஆழம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 1000-ஆல் வகுங்கள்: 60 × 30 தொட்டியில் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு 10.8 லிட்டர்.

இவ்வளவு பாடும் எல்லாருக்கும் தேவையா என்றால், பெரும்பாலும் இல்லை என்றே சொல்வேன். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் இரண்டுக்கும் மண்ணே வேண்டாம். அவற்றின் தடித்த கிழங்குத் தண்டை மண்ணில் புதைத்தால் அழுகிவிடும். மரக்கட்டையில் கட்டினால் போதும். தண்டுச் செடிகள் பல தண்ணீரில் கலந்த திரவ உரத்திலேயே வளரும். வேரால் அதிகம் சாப்பிடுபவை கிரிப்டோகோரைன், அமேசான் ஸ்வார்டு போன்றவைதான். அவற்றுக்கு ரூட் டேப் எனப்படும் உர மாத்திரைகளை வேருக்குப் பக்கத்தில் ஜல்லிக்குள் ஆழமாகச் செருகி, சில மாதங்களுக்கு ஒருமுறை புதிதாக வைத்தால் போதும். மாத்திரை வைத்த இடத்தைத் தோண்டிவிடாதீர்கள்.

கப்பி, மோலி, மலாவி ஏரி சிக்லிட் போன்ற கடின நீர் மீன்கள் இருந்தால் பி.எச். குறைக்கும் மண் வேண்டவே வேண்டாம். தங்கமீன் வைத்திருப்பவர்களுக்கும் அப்படித்தான். எதைப் போட்டாலும் தோண்டிக் குவிக்கும்.

அக்வாசாயில்தான் என்று முடிவு செய்தவர்கள் முதல் நாளே செடிகளை நெருக்கமாக நட்டுவிடுங்கள். அம்மோனியத்தைச் செடிகளும் உறிஞ்சும். கிரிப்டோகோரைன் இலைகள் கரைந்து விழுந்தால் பிடுங்காமல் விடுங்கள், வேர் உயிரோடிருந்தால் திரும்பத் துளிர்க்கும். அம்மோனியா, அதைப் பாக்டீரியா தின்னும்போது உண்டாகும் நச்சான நைட்ரைட் இரண்டும் தொடர்ந்து சில நாட்கள் பூஜ்யம் காட்டிய பிறகு மீன்களைக் கொண்டுவாருங்கள். அதற்குள் தொட்டியின் பி.எச். மாறியிருக்கும். எனவே மீன்கள் இருக்கும் தண்ணீரில் தொட்டித் தண்ணீரை மெல்லிய குழாய் வழியே சொட்டுச் சொட்டாக ஒரு மணி நேரமாவது கலந்துவிட்டு, முதல் நாளில் பாதி மீன்களை மட்டும் விடுங்கள்.