தமிழ் சைட்டுக்கு டம்மி டெக்ஸ்ட் எப்படி போடணும்

கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் மாங்கூழ் கம்பெனிக்கு, ரோஸ் நர்சரிக்கு, கிரானைட் கடைக்குன்னு சைட் பண்ற தம்பி தங்கச்சிங்களுக்குத்தான் இது. ஓனர் கிட்டருந்து மேட்டர் எப்பவும் கடைசிலதான் கைக்கு வரும், அதுவரைக்கும் பேஜ சும்மா விட முடியாதுன்னு எடத்த நிரப்ப டம்மி டெக்ஸ்ட்டா 'லோரம் இப்சம்'னு தொடங்குற லத்தீன் வரிகள அள்ளிப் போட்டுடறோம். அது ரோமானிய எழுத்தாளர் சிசெரோ கி.மு. 45ல எழுதுன லத்தீன்ல இருந்து அங்கங்க வெட்டி எடுத்தது, 1960கள்ல லெட்ராசெட்ங்கற தேச்சு ஒட்டுற எழுத்து ஷீட்ல பரவி அப்புறம் பேஜ்மேக்கர்ங்கற பக்க வடிவமைப்பு சாஃப்ட்வேர் வழியா கம்ப்யூட்டருக்கு வந்துச்சு. இங்கிலீஷ் சைட்டுக்கு ஓகே. தமிழ் சைட்டுக்கு தயவுசெஞ்சு வேணாம்ங்க.

ஏன்னா நம்ம வார்த்தை நீளம். 'ஏற்றுமதியாளர்களுக்கான' ஒரே வார்த்தை, இத 360 பிக்சல் மொபைல்ல 28 சைஸ் ஹெட்டிங்கா போட்டு பாருங்க, ஓரத்துல இடிக்கும் இல்ல வெளிய நீட்டிக்கும், லத்தீன்ல அது தெரியவே தெரியாது. சிஎஸ்எஸ்ல (பேஜோட தோற்றத்த எழுதுற கோட்) ஓவர்ஃப்ளோ-ராப்ல பிரேக்-வேர்ட் குடுத்தா வார்த்தை உடையும், ஆனா கண்ட எடத்துல உடையும், அதனால ஹெட்டிங் சைஸையே கொறைக்கிறது நல்லது.

அதனால டம்மிய தமிழ்லயே, அந்தத் தொழில் பேச்சுலயே எழுதுங்க. கூழ் கம்பெனின்னா 'பெங்களூரா மாங்கூழ், 3 கிலோ டின், மொத்த விலைக்கு' இந்த மாதிரி. அதுல கூ, ளூ, ஸ்ரீ, ஜௌ எல்லாம் கட்டாயம் வரட்டும், கீழ எறங்குற கொக்கியும் மேல ஏர்ற சுழியும் அடுத்த வரில முட்டுதான்னு அப்பதான் தெரியும். முட்டுச்சுன்னா லைன்-ஹைட்ட (வரி உயரத்த) எழுத்து சைஸுக்கு 1.7 மடங்கு கிட்ட வைங்க. நீங்க எடுத்த ஃபான்ட்ல தமிழ் எழுத்தே இல்லன்னாலும் இதுலயே மாட்டிக்கும், பிரவுசர் வேற ஃபான்ட்ட எடுத்துப் போட்டு மொத்த லுக்கும் மாறி நிக்கும். ஒரு கார்டுல சின்ன பேரு, பக்கத்து கார்டுல மூணு வரி பேருன்னு கலந்து போடுங்க, எல்லாமே ஒரே அளவா போட்டா டிசைன் அழகாதான் இருக்கும், நிஜ மேட்டர் வந்ததும் கலைஞ்சிடும்.

ஃபார்ம்ல மேக்ஸ்லென்த் (அதிகபட்சம் எத்தன எழுத்து டைப் பண்ணலாம்ங்கற வரம்பு) வைக்கிறப்ப ஒண்ணு ஞாபகம் வைங்க, 'கிருஷ்ணகிரி' நமக்கு 6 எழுத்து, பிரவுசருக்கு 11, ஏன்னா அது புள்ளி, கொம்பையெல்லாம் தனித்தனியா எண்ணும். பேருக்கு 20ன்னு வச்சா பாதிப் பேரு பாதில நின்னுடும், பாவம் அவங்க என்ன பண்ணுவாங்க. பெட்டிக்குள்ள சாம்பல் கலர்ல 'உங்க பேர்'னு போட்டுட்டு லேபிள எடுத்துடாதீங்க, டைப் பண்ண ஆரம்பிச்சதுமே அது காணாமப் போயிடும், வயசானவங்க எத நிரப்புறோம்னு தெரியாம நிப்பாங்க. அந்த சாம்பலும் ரொம்ப வெளுத்து இருக்கக் கூடாது, பின்னணியோட கான்ட்ராஸ்ட் (வெளிச்ச வித்தியாசம்) 4.5க்கு 1 ஆவது வேணும்.

விலை, போன் நம்பர் மட்டும் நிஜம் மாதிரி போடவே போடாதீங்க. எல்லாம் 0000ன்னு போடுங்க. கிலோ 40ன்னு ஒரு டம்மி விலை தப்பித்தவறி லைவ்ல போயிடுச்சுன்னா வியாபாரி அதையே பிடிச்சிட்டு பேசுவாரு.

ஒவ்வொரு டம்மி வரியோட தொடக்கத்துலயும் 'மாத்தணும்'னு ஒரு அடையாளம் வச்சிட்டா லைவ் போறதுக்கு முன்னாடி மொத்த ஃபைல்லயும் அத தேடிப் பிடிச்சிடலாம், டைட்டில், ஆல்ட் டெக்ஸ்ட் (படத்துக்கான விளக்கம்), மெட்டா டிஸ்கிரிப்ஷன் (தேடல்ல காட்டுற பேஜ் சுருக்கம்) உட்பட. லைவ் ஆனதும் லிங்க உங்க வாட்ஸ்அப்புக்கே அனுப்பி ப்ரிவ்யூவ பாத்துட்டு அப்புறமா ஓனருக்கு அனுப்புங்க.