60,000 ரூபாய்க்கு ஒரு ஹெட்போன்: காசுக்குத் தகுமா என்று நாமே பார்ப்பது எப்படி?

கீழக்கரையிலிருந்து ஒரு தம்பி போன் டிஸ்பிளே மாற்றக் கடைக்கு வந்தான். வேலை முடிகிற வரைக்கும் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவன் மெதுவாகக் கேட்டான்: "அண்ணே, எங்க காக்கா அடுத்த மாசம் துபாய்ல இருந்து வர்றாரு. ஹெட்போன் வாங்கிட்டு வரவான்னு கேக்குறாரு. 60,000 கிட்ட வருது. சரின்னு சொல்லட்டா, வேணாம்னு சொல்லட்டா?" (அவர்கள் பக்கம் அண்ணனைக் 'காக்கா' என்பார்கள்.)

எனக்கு ராமநாதபுரத்தில் அரண்மனைப் பக்கம் சின்ன சர்வீஸ் கடை. தேவிபட்டினம், ஏர்வாடி, மண்டபம், பாம்பன் என்று கடற்கரை முழுக்க இருந்து பழுது வரும். நான் இசை விமர்சகன் கிடையாது. ஹெட்போனைக் கழற்றி மாட்டுகிறவன். அவனுக்கு அன்று வாயால் சொன்னதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். எந்த ஹெட்போனுக்கும் இதே வழிதான்.

தேவைப்படுவது: ஒரு நோட்டு, இரண்டு போன், இலவச சவுண்ட் மீட்டர் ஆப் ஒன்று, அரை நாள் பொழுது. கண்ணாடி போடுகிறவர் என்றால் அந்தக் கண்ணாடியும்.

படி 1: எங்கே, எத்தனை மணி நேரம்?

"டெய்லி கேப்பேண்ணே" என்றான் தம்பி. அது பதில் ஆகாது. ஒரு வாரத்துக்கு நோட்டில் எழுதுங்கள்: எங்கே உட்கார்ந்து, எதற்காக, எவ்வளவு நேரம். அவன் வீட்டிலிருந்தே ஒரு துபாய் ஆபீசுக்குக் கணக்கு பார்க்கிறவன். எழுதிப் பார்த்ததில் தினமும் 3 மணி நேரம் போன் காலில் பேச்சு, 1 மணி நேரம்தான் பாட்டு என்று வந்தது. ஆக அவனுக்கு முக்கியம் மைக். விலை உயர்ந்த ஹெட்போன் விளம்பரங்களில் மைக்கைப் பற்றிக் கடைசி வரியில்தான் எழுதியிருப்பார்கள்.

படி 2: மணிக்கு எவ்வளவு விழுகிறது?

வாங்கும் விலையோடு, இடையில் மாற்றவேண்டிய காது குஷன் செலவைக் கூட்டுங்கள். விற்றால் கிடைக்கிற தொகையைக் கழியுங்கள். மிச்சத்தை மொத்த மணி நேரத்தால் வகுங்கள்.

தம்பியின் கணக்கு: தினம் 4 மணி, வருடத்துக்கு 300 நாள், 4 வருடம். மொத்தம் 4,800 மணி நேரம். 60,000 ரூபாய் ஹெட்போனுக்குக் குஷன் செலவு 8,000, திரும்ப விற்றால் 12,000 என்று உத்தேசமாக வைத்தேன். நிகரம் 56,000. மணிக்கு 11 ரூபாய் 67 காசு, அதாவது ஒரு டீக் காசு. 35,000 வகைக்கு இதே போல 5,000 கூட்டி 7,000 கழித்தால் மணிக்கு 7 ரூபாய்க்குக் கொஞ்சம் கீழே. 6,000 ரூபாய் வகை 2 வருடம் ஓடி, விற்க முடியாமல் போனாலும் மணிக்கு இரண்டரை ரூபாய்தான்.

இப்போது தினம் அரை மணி நேரம் மட்டும் கேட்கிற ஒருவரை எடுங்கள். அதே 4 வருடத்தில் 600 மணி நேரம். அதே 56,000 அவருக்கு மணிக்கு 93 ரூபாய். பொருள் ஒன்றுதான், ஒருவருக்கு டீ, இன்னொருவருக்குப் பிரியாணி.

படி 3: உப்புக் காற்றுக்குத் தாங்குமா?

சென்னையில், பெங்களூரில் உட்கார்ந்து எழுதுகிறவர்கள் இந்தப் படியை எழுத மாட்டார்கள். நமக்கு இதுதான் பெரிய படி.

பாம்பனில் கடலைப் பார்த்த வீட்டுக்காரர் ஒருவரின் ஹெட்போனைச் சமீபத்தில் திறந்தேன். 25,000க்கு மேல் கொடுத்து வாங்கியது, மூன்று வருடம் ஆகிறது. காது குஷனைத் தொட்டதுமே கருப்புத் தோல் பக்குப் பக்காக விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. பெயர்தான் லெதர், உள்ளபடி அது பிளாஸ்டிக் பூச்சு; வியர்வையும் ஈரக்காற்றும் சேர்ந்து அரித்துவிடும். குஷனைத் திருகி எடுத்தால், மைக் முன்னால் இருக்கும் வலையில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. சார்ஜ் போர்டில் தாமிரம் தெரிகிற இடமெல்லாம் பச்சைக் களிம்பு. டைப்-சி வாயின் பின்களில் இரண்டு கருத்துப் போயிருந்தன. இத்தனைக்கும் நடுவில் ஸ்பீக்கர் மட்டும் கடையில் வாங்கிய அன்று இருந்த மாதிரி பளிச்சென்று இருந்தது.

அவர் காசு கொடுத்தது அந்த ஸ்பீக்கருக்கு. செத்தது அதைச் சுற்றியிருந்த நூறு, இருநூறு ரூபாய்ச் சாமான்கள்.

ஆகவே வாங்கும் முன் இவற்றைப் பாருங்கள். குஷன் கையால் கழற்றக்கூடியதா, தனியாக விற்கிறார்களா? துணியா, தோலா? துணி என்றால் உரியாது, ஆனால் வியர்வையைக் குடிக்கும். மடங்கும் இடத்தில் உலோகமா, பிளாஸ்டிக்கா? என் சொந்த ஹெட்போன் ஒன்று அந்த இடத்தில்தான் விரிசல் விட்டது. சர்வீஸ் சென்டரில் கேட்டால், அந்தப் பாகம் தனியாக வராது, முழு செட்டாகத்தான் மாற்ற வேண்டும் என்றார்கள். பாதி விலை சொன்னார்கள். பசை டேப் போட்டு இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறேன், சர்வீஸ் கடைக்காரன் தலையில்.

அப்புறம், 'ஐபிஎக்ஸ்4' மாதிரி நீர்காப்பு எண். இயர்பட்ஸில் இது சாதாரணம்; தலையில் மாட்டுகிற விலை உயர்ந்த வகையில் பெரும்பாலும் இருக்காது. 59,900 ரூபாய்க்கு வந்த ஆப்பிள் ஏர்பாட்ஸ் மேக்ஸிலும் இல்லை, 34,990 விலை போட்டு வந்த சோனி எக்ஸ்எம்5-லும் இல்லை. எண் இருந்தாலும் அந்தச் சோதனையை நல்ல தண்ணீரில்தான் செய்கிறார்கள், கடல் தண்ணீரில் அல்ல.

பேட்டரியைப் பற்றி எல்லோரும் பயப்படுகிறார்கள். கணக்குப் போட்டால் பயம் குறையும். ஒரு சார்ஜுக்கு 30 மணி ஓடுகிற ஹெட்போனைத் தினம் 2 மணி நேரம் கேட்டால், 15 நாளைக்கு ஒரு சார்ஜ். வருடத்துக்கு 25 முறைகூட வராது. லித்தியம் பேட்டரி சில நூறு சார்ஜ் தாங்கும். 5 மணி ஓடுகிற இயர்பட்ஸுக்குத்தான் இது பிரச்சினை. ஹெட்போன் பேட்டரிக்கு எதிரி வெயில். பைக் பெட்டியில், கார் டாஷ்போர்டில் விட்டுப் போகாதீர்கள்.

படி 4: 40 நிமிடம் தலையில் வையுங்கள்

கடையில் இரண்டு நிமிடம் போட்டால் எல்லாமே சுகமாகத்தான் இருக்கும். மதுரையில் பெரிய ஷோரூம்களில் டெமோ வைத்திருப்பார்கள்; கூச்சப்படாமல் 40 நிமிடம் போட்டுக்கொண்டு நில்லுங்கள். சோனி எக்ஸ்எம்5 சுமார் 250 கிராம், ஏர்பாட்ஸ் மேக்ஸ் சுமார் 385 கிராம். வித்தியாசம் 135 கிராம்தானே என்று தோன்றும், உச்சந்தலை அரை மணி நேரம் கழித்துப் பதில் சொல்லும். உலோகக் கிண்ணம் பார்க்க ராஜா மாதிரி இருக்கும், அந்தக் கனத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

ஷோரூமில் ஏசி இருக்கும், நம் வீட்டுத் திண்ணையில் இருக்காது. முடிந்தால் நண்பரிடம் இரவல் வாங்கி, மத்தியானம் 2 மணிக்கு ஃபேன் காற்றில் போட்டுப் பாருங்கள். கண்ணாடிக்காரர்கள் கண்ணாடியோடு போடுங்கள்; அதன் கம்பி குஷனுக்கும் தோலுக்கும் நடுவில் சந்து விடும். அந்தச் சந்து வழியாக பேஸ், அதாவது அடித்தொனி, ஒழுகும், வெளிச்சத்தம் நுழையும்.

படி 5: சத்தத்தைச் சமமாக்கிக் கேளுங்கள்

இரண்டு ஹெட்போனில் ஒன்று 1, 2 டெசிபல் கூடுதலாக ஒலித்தாலே, நம் காது அதைத்தான் 'நல்லா இருக்கு' என்று சொல்லும். விற்கிறவருக்கு இது தெரியும். அதனால் ஒரு போனில் பாட்டை ஓடவிட்டு, இன்னொரு போனின் மைக்கைக் குஷனுக்கு நடுவில் வைத்து மீட்டர் ஆப்பில் பாருங்கள். இரண்டு ஹெட்போனிலும் அதே இடத்தில் அதே எண் வருகிற மாதிரி வால்யூமை மாற்றுங்கள். ஆப் காட்டும் எண் துல்லியமாக இருக்காது. ஒப்பிடத்தானே, அது போதும். எது எது என்று பார்க்காமல் வீட்டில் யாரையாவது மாற்றி மாட்டிவிடச் சொன்னால் இன்னும் நல்லது.

எதைக் கேட்பது? நேரில் கேட்டுப் பழகிய சத்தத்தை. நான் நாதஸ்வரம், தவில் கச்சேரிப் பதிவு ஒன்று வைத்திருக்கிறேன். கல்யாண வீட்டில் பத்தடி தூரத்தில் உட்கார்ந்து கேட்டு வளர்ந்த சத்தம், ஏமாற்ற முடியாது. தவிலில் வலந்தலை என்கிற வலப் பக்கம் விரல்களில் மாட்டிய கூடுகள் விழும். தொப்பி என்கிற இடப் பக்கம் குச்சி விழும். பேஸைக் கொட்டி வைத்திருக்கும் ஹெட்போனில் தொப்பியின் 'தொம்' பரவி வலந்தலைச் சொற்களை மூடிவிடும், கூட்டத்தில் யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி. நல்ல ஹெட்போனில் இரண்டு கையும் தனித்தனியாக நிற்கும். குச்சி தோலில் பட்டு எழும்புவதுகூடத் தெரியும். நாதஸ்வரம் மேலே ஏறும்போது ஏதோ ஒரு ஸ்வரத்தில் மட்டும் காது கூசினால், ஹெட்போன் அந்த இடத்தைத் தூக்கி வைத்திருக்கிறது என்று அர்த்தம்.

என் அனுபவத்தில் 6,000 வகைக்கும் 35,000 வகைக்கும் இந்தச் சோதனையில் வித்தியாசம் யாருக்கும் கேட்கும். 35,000க்கும் 60,000க்கும் கடையில் உட்கார்ந்த நாலு பேரும் நாலு விதமாகச் சொன்னார்கள்.

படி 6: நாய்ஸ் கேன்சலிங்கை ஐஸ் கம்பெனியில் சோதியுங்கள்

நாய்ஸ் கேன்சலிங் என்றால் வெளி இரைச்சலை அமுக்கும் வசதி. போஸ் கம்பெனியை ஆரம்பித்த அமர் போஸ் 1978இல் ஜூரிச்சிலிருந்து பாஸ்டனுக்கு விமானத்தில் போகும்போது, எஞ்சின் இரைச்சலில் பாட்டுக் கேட்க முடியாமல் இதற்கான கணக்கை எழுதத் தொடங்கினார். பொதுமக்கள் வாங்கக்கூடிய அவர்களின் குவயட்கம்ஃபர்ட் ஹெட்போன் 2000இல்தான் வந்தது. இன்று 5,000 ரூபாய் வகையிலேயே இந்த வசதி இருக்கிறது. ஆக இருக்கிறதா என்று பார்த்தால் போதாது, எவ்வளவு செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

வெளியே இருக்கிற மைக் இரைச்சலைக் கேட்கும். சிப் அதற்கு நேர் எதிரான அலையைச் செய்து ஸ்பீக்கரில் விடும். இரண்டும் மோதி அமுங்கும். உறுமல் மாதிரி தாழ்ந்த 100 ஹெர்ட்ஸ் சத்தத்தின் ஓர் அலை காற்றில் சுமார் 3.4 மீட்டர் நீளம். மெதுவாக ஏறி இறங்கும், சிப்புக்கு அவகாசம் உண்டு. கூர்மையான 3,000 ஹெர்ட்ஸ் சத்தம் என்றால் 11 சென்டிமீட்டர்தான், இம்மி பிசகினாலும் தப்பிவிடும். அதனால்தான் விசைப்படகு எஞ்சின், ஜெனரேட்டர், பஸ்ஸின் உறுமல் அடங்கும். மீன் ஏலம் கூவுகிறவர் குரல் அடங்காது. அதை அமுக்குவது குஷனின் வேலை.

மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் ஐஸ் கம்பெனிக்கு வெளியே நின்றால் கம்பிரசர் ஒரே சீராக 'ம்ம்ம்' என்று ஓடிக்கொண்டிருக்கும். இதைவிட நல்ல சோதனைக்கூடம் கிடையாது. அங்கே பாட்டு இல்லாமல், வசதியை அணைத்தும் போட்டும் பாருங்கள். விலைக்கேற்ற வித்தியாசம் இங்கே நிஜமாகவே தெரியும்.

அடுத்து காற்று. தனுஷ்கோடி அரிச்சல்முனையில் என் ஹெட்போனைப் போட்டுக்கொண்டு நின்றேன். அமைதி வரவேண்டிய இடத்தில் 'புர்ர்' என்று இரைச்சல்தான் கூடியது. காற்று மைக் வாயில் மோதுவதைச் சிப் சத்தம் என்று எடுத்துக்கொள்கிறது. பழைய பாம்பன் பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில், காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலையே நிறுத்தி வைப்பார்கள். அரிசி அளவு மைக் என்ன செய்யும்? போன் காலில் பேசுகிறவர்கள் மாடியில் காற்றில் நின்று ஒரு போன் போட்டு, எதிர்முனையில் இருப்பவரிடம் குரல் எப்படி என்று கேளுங்கள்.

இன்னொன்று. வெளிச்சத்தம் அடங்கினால் வால்யூமைக் குறைத்துக் கேட்கலாம். 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு; சத்தம் கூடக் கூட நேரம் வேகமாகக் குறைந்துவிடும். அதிக விலைக்கு எனக்குத் தெரிந்த நேர்மையான நியாயம் இதுதான்.

படி 7: பெட்டியில் இருக்கும் ஸ்டிக்கர்

'ஹை-ரெஸ்', 'எல்டாக்' என்று தங்க நிறத்தில் ஒட்டியிருக்கும். எல்டாக் என்பது ப்ளூடூத்தில் பாட்டை அனுப்பும் ஒரு முறை; நொடிக்கு 990 கிலோபிட் வரை அனுப்பும், உண்மைதான். ஐபோனில் அது கிடையாது, ஏஏசி என்கிற இன்னொரு முறையோடு முடிந்தது. நீங்கள் கேட்பதெல்லாம் யூடியூபில் என்றால், அங்கே ஒலியே ஏறக்குறைய 128 கிலோபிட்தான். சின்னக் குழாயில் வருகிற தண்ணீருக்குப் பெரிய குழாய் எதற்கு? ஸ்டிக்கருக்குக் காசு கொடுக்காதீர்கள்.

படி 8: வெளிநாட்டிலிருந்து வருகிற பெட்டி

வாங்கும் முன்பே, அந்த வாரண்டி இந்தியாவில் செல்லுமா என்று கம்பெனியின் தளத்தில் மாடல் எண்ணைப் போட்டுப் பார்த்துவிடச் சொல்லுங்கள். பல கம்பெனிகளுக்கு வாங்கிய நாட்டோடு முடிந்தது. பில் கட்டாயம் வேண்டும். பாதி விலைக்குக் கிடைக்கிறது என்றால் அது நகல். பக்கத்தில் கொண்டுபோனதும் போனில் தானாக எழும் 'பாப்-அப்' படம்கூட இப்போது நகலிலும் வருகிறது. சீரியல் எண்ணைத் தளத்தில் சரிபார்ப்பது, எடை போட்டுப் பார்ப்பது இரண்டும் செய்யுங்கள். 385 கிராம் இருக்கவேண்டியது மளிகைக் கடைத் தராசில் 300 காட்டினால் பேச்சே இல்லை.

தம்பி இரண்டு நாள் கழித்து மதுரையிலிருந்து கூப்பிட்டான். ஷோரூமில் 35,000 வகை, 60,000 வகை இரண்டையும் கண்ணாடியோடு போட்டுப் பார்த்தானாம். "பில்லோட வாங்குங்க காக்கான்னு சொல்லிட்டேண்ணே" என்றான். எதை என்று கேட்டேன்.

"40 நிமிசம் கழிச்சும் கழட்டத் தோணலையே, அதை."