கண்ணில் புற்றில்லாத கட்டி: கோடு எடுப்பது எப்படி?

பாளையங்கோட்டையில் மெடிக்கல் கோடிங், அதாவது நோய்களுக்கு எண் கோடு போடும் வேலை, படிக்கிற தம்பி தங்கைகள் அதிகம் தடுமாறுவது கண் நோயாளிகளின் சார்ட்டில், அதாவது மருத்துவக் குறிப்பேட்டில்தான். நானும் தடுமாறினேன். நமக்கு வருபவை பெரும்பாலும் அமெரிக்க சார்ட்டுகள். அங்கே 2015 அக்டோபர் 1 முதல் ஐசிடி-10-சிஎம் என்ற நோய்க்கோடுப் பட்டியல்தான். அந்தப் புத்தகத்தில், கண்ணில் வரும் புற்றில்லாக் கட்டிகளுக்கான டி31-ஐத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில், அது கட்டிதானா என்று பாருங்கள். இமையில் வீங்கினால் எங்கள் ஆச்சி நாமக்கட்டியை உரசிப் போடுவா. அந்தக் கண்கட்டி எச்00.0. வலியில்லாமல் உருண்டு நிற்கும் கலேசியன் எச்00.1. கண்ணில் சதை வளரும் டெரிஜியம் எச்11.0. இவை எதுவும் டி31-க்குள் வராது.

அடுத்து, இடம். கன்ஜங்டைவா (வெண்விழியை மூடும் சவ்வு) டி31.0, கார்னியா (கண்ணின் முன்பக்கத் தெளிந்த படலம்) 1, ரெட்டினா (விழித்திரை) 2, கோராய்டு (விழித்திரைக்குப் பின்னுள்ள ரத்தக்குழாய்ப் படலம்) 3, சிலியரி பாடி (லென்ஸைச் சுற்றியுள்ள தசை வளையம்) 4, கண்ணீர்ச் சுரப்பியும் நாளமும் 5, ஆர்பிட் (கண்குழி) 6.

பிறகு பக்கம். கடைசி எழுத்து 1 என்றால் வலது, 2 என்றால் இடது. வலது கண் கோராய்டில் நீவஸ் (மச்சம்) என்றால் டி31.31. இரண்டு கண்ணிலும் இருந்தால் தனிக் கோடு கிடையாது, டி31.31, டி31.32 இரண்டையும் போட வேண்டும்.

நான் விழுந்த இடம் இனிமேல்தான். முதல் வேலையில் ஒரு சார்ட்டில் ‘நீவஸ், வலது மேல் இமை’ என்று இருந்தது. இமையும் கண்தானே என்று, கண்ணில் இடம் குறிப்பிடாத கட்டிக்கான டி31.91 போட்டேன். ஆடிட்டில் பிழையாகத் திரும்பி வந்தது. இமையின் மேலே இருப்பது தோல். அதில் வரும் மச்சத்துக்கு டி22.1, வலது மேல் இமை என்றால் டி22.111, வலது கீழ் இமை டி22.112. தோலின் மற்றப் புற்றில்லாக் கட்டிகளுக்கு டி23.1. பார்வை நரம்பில் வந்தால் டி33.3. இத்தனையும் டி31-க்குக் கீழே எக்ஸ்க்ளூட்ஸ்1 (இங்கே சேராதவை) குறிப்பிலேயே இருக்கிறது. அன்றைக்கு அந்த நாலு வரியை நான் படிக்கவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், கற்கும்போது கோடு தேடித் தரும் என்கோடர் மென்பொருள் வேண்டாம். அது நேரே கோடில் கொண்டுபோய் விட்டுவிடும். குறிப்பில் கண் படாது. அச்சுப் புத்தகம் வாங்கி, எக்ஸ்க்ளூட்ஸ் வரிகளை மஞ்சள் பேனாவால் தீட்டி வையுங்கள். ஆனால் பழைய பதிப்பு வாங்காதீர்கள். ஒவ்வொரு அக்டோபரிலும் கோடுகள் மாறும்.

வெளிநோயாளி சார்ட்டில் டாக்டர் ‘சந்தேகம்’ என்று மட்டும் எழுதியிருந்தால் கட்டிக்குக் கோடு போடக் கூடாது. நோயாளி எந்தத் தொந்தரவோடு வந்தாரோ அதற்குப் போடுங்கள். இல்லாத நோயை ஒருவருடைய ஏட்டில் ஏற்றிவிட்டால், அது அவரோடேயே போகும்.

பின்சேர்க்கை: கோராய்டில் ஹீமாஞ்சியோமா வந்தாலும் டி31.3 தானே என்று தூத்துக்குடித் தம்பி ஒருவர் கேட்டிருந்தார். இல்லை. அது ரத்தக்குழாய்க் கட்டி, டி18.09-க்குப் போகும். அந்தக் கோடில் வலது, இடது கிடையாது. எந்தக் கண் என்று தேடி நேரத்தை விடாதீர்கள்.