மரபணு ஆய்வாளர் தம் வெளியீட்டுப் பட்டியலைத் தொகுக்கும் முறை

மண்டபத்திலோ பாம்பனிலோ கரையேறும் மீன்களின் மரபணுவை ஆராய்பவர், வெளியீட்டுப் பட்டியலைத் தொகுக்கும் முன் தம் பெயரைச் சீராக்க வேண்டும். நம்மவரின் தலைப்பெழுத்து ஓர் இதழில் பெயருக்கு முன்னும் மற்றோர் இதழில் பின்னும் அச்சாவதாலும், தந்தையின் பெயரே சில இடங்களில் குடும்பப் பெயராகக் கொள்ளப்படுவதாலும், ஒருவரே தரவுத்தளங்களில் மூவராகப் பிரிந்து கிடப்பதுண்டு. ஆய்வாளரைத் தனித்து அடையாளம் காட்டும் 16 இலக்க ஆர்கிட் (ORCID) எண்ணை இலவசமாகப் பெற்று, எல்லாக் கட்டுரைகளையும் அதனுடன் இணைத்துவிடுங்கள்.

ஆசிரியர் பெயர்களை வெளியான வரிசையிலேயே, ஒன்றையும் விடாமல் எழுத வேண்டும். மூலக்கூற்று உயிரியலில் முதற்பெயர் பெரும்பாலும் ஆய்வகப் பணியை முதன்மையாகச் செய்தவரையும், கடைசிப் பெயர் குழுவை வழிநடத்தியவரையும் குறிப்பதால், வரிசையை மாற்றுவது பிறர் உழைப்பை மறைப்பதாகும். இதை நான் சிறு பிழையாகக் கருதுவதில்லை. ஆண்டு, இதழ், தொகுதி, பக்கம், கட்டுரையின் நிலையான இணைய அடையாளமான டிஓஐ (DOI) எண் ஆகியவை தொடர்ந்து வரும்.

பலர் மறப்பது, மரபணு வரிசைகளைச் சேமிக்கும் பொதுத் தரவுத்தளமான ஜென்பேங்க் தரும் பதிவெண்ணை. மீனினத்தை அடையாளம் காண உதவும், ஏறத்தாழ 650 கார இணைகள் (டிஎன்ஏ இழையின் அலகுகள்) நீளமுள்ள சிஓஐ (COI) மரபணு வரிசையைப் பதிவேற்றியிருந்தால், அதன் எண்ணை உரிய கட்டுரையின் கீழேயே தருக. மாதிரி எந்தக் கரையில் எடுக்கப்பட்டது என்பதையும் ஒரு வரியில் சேர்த்தால், அடுத்து அதே கடலில் ஆராய வருபவருக்குப் பெரிதும் பயன்படும்.

மதிப்பாய்வுக்கு உட்படாத முன்பதிப்புகளைத் தனித் தலைப்பில் வைக்க வேண்டும். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமையகம் 1971இல் மண்டபத்திலிருந்து கொச்சிக்கு மாறும் முன் வெளியான கட்டுரைகளை மேற்கோள் காட்டும்போது, அவற்றிலுள்ள மண்டபம் முகவரியை அப்படியே விட்டுவிடுங்கள்.