திருகோணமலையிலிருந்து யாழ்ப்பாணம்: முதல் நெடும்பயணத்துக்குப் பாதை தெரிவு செய்வது எப்படி?

திருகோணமலையை விட்டு வெளியே போக நான்கு வாசல்கள் இருக்கின்றன. கந்தளாய், ஹபரணை வழியாகக் கண்டிக்கும் கொழும்புக்கும் போகிற ஏ6 வீதி. பன்குளம், ஹொரவப்பொத்தானை வழியாக அநுராதபுரம் போகிற ஏ12. கிண்ணியா, மூதூர், வெருகல், வாகரை என்று கரையோடு மட்டக்களப்புக்கு இறங்குகிற ஏ15. நிலாவெளி, குச்சவெளி தாண்டிப் புல்மோட்டைக்கு ஏறுகிற வடக்குக் கரை வீதி. எந்த ஊருக்கு வெளிக்கிட்டாலும் முதலில் இவற்றில் ஒன்றைப் பிடிக்க வேண்டும்.

முதல் தடவை மோட்டார் சைக்கிளில் தூரப் பயணம் போகிறவர்கள் கூகுள் மேப்பைத் திறந்து, அது காட்டும் நீலக் கோட்டிலேயே போய்விடுகிறார்கள். அந்தக் கோட்டுக்கு யானை தெரியாது, வாடை மழை தெரியாது, பின்சீட்டில் ஆள் இருப்பதும் தெரியாது. ஆகவே பாதையை நாமே உட்கார்ந்து தெரிவு செய்வோம். உதாரணத்துக்கு யாழ்ப்பாணப் பயணத்தை எடுத்துக்கொள்கிறேன். வேறு ஊருக்குப் போகிறவர்களுக்கும் இதே முறை பொருந்தும்.

படி 1: பொழுதுபடும் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள்

எல்லாரும் முதலில் கேட்பது "எத்தனை கிலோமீட்டர்?" என்றுதான். நான் முதலில் கேட்கச் சொல்வது "எத்தனை மணிக்குள் போய்ச் சேர வேண்டும்?" என்று.

நம் நாட்டில் கார்த்திகையில் மாலை 6 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும்; ஆனி, ஆடியில் 6.30 வரை வெளிச்சம் நிற்கும். யானைகள் அதுவரை காத்திருப்பதில்லை. கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் நடுவில், ஹொரவப்பொத்தானைக் காட்டுப் பக்கம், பொலன்னறுவையிலிருந்து வெலிக்கந்தை, புனானை போகும் வழி, இங்கெல்லாம் பின்னேரம் வெயில் தணிந்ததும் அவை வீதிக்கு வரத் தொடங்கும். ஏ15இல் வேறு கரைச்சல்: இரவில் மாடுகள் சூடான தார் வீதியிலேயே படுத்துவிடும். கறுத்த மாடு, கறுத்த ரோட்டு. பைக்கின் முன்விளக்கில் அது தெரியும்போது பிரேக் பிடிக்க இடம் இருக்காது.

அதனால் மாலை 4 மணிக்குத் தங்குமிடத்தில் நிற்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். டயரில் காத்துப் போனால் சரிசெய்ய ஒரு மணித்தியாலம் கழியுங்கள், 3 மணி. காலை 6.30க்கு வெளிக்கிட்டால் கையில் இருப்பது எட்டரை மணித்தியாலம். சாப்பாடு, தேத்தண்ணி, முதுகு நிமிர்த்தல் எல்லாவற்றுக்கும் இரண்டு மணித்தியாலம் போக, ஓடுவதற்கு ஆறரை.

ஊர்மனைக்கு வெளியே மோட்டார் சைக்கிளுக்கு அனுமதிக்கப்பட்ட வேகம் மணிக்கு 70 கிலோமீட்டர், ஊர்மனைக்குள் 50. ஆனால் சந்தி, ஊர், பள்ளிக்கூடம், பஸ் எல்லாம் சேர்ந்தால் சராசரி 40தான் வரும். ஆறரையை 40ஆல் பெருக்கினால் 260. புதியவர் ஒரு நாளில் தொடக்கூடிய எல்லை அது. கூடினால் நடுவில் ஓரிடத்தில் இரவு தங்குங்கள். விடியவே வெளிக்கிட்டு ஈடுசெய்யலாம் என்று நினைக்க வேண்டாம், யானைக்கு அதிகாலையும் பின்னேரம் போலத்தான்.

படி 2: மாதத்தைப் பாருங்கள்

கிழக்கில் மழை வடகீழ்ப் பருவக்காற்றோடு வருகிறது. ஐப்பசிக் கடைசியிலிருந்து தை வரை முதல் பயணம் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. மகாவலி பெருகினால் மூதூர், வெருகல் பக்கம் தாழ்வான இடங்களில் வெள்ளம் ஏறும். 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயலில் நாடெங்கும் வீதிகளும் பாலங்களும் உடைந்ததை எல்லாரும் பார்த்தோம்.

மாசி, பங்குனி நல்ல காலம். வைகாசிக்குப் பிறகு கச்சான் காற்று தொடங்கிவிடும். வெயிலோடு சேர்ந்து அடிக்கிற அந்தச் சூட்டுக் காற்று உடம்பு நீரை உறிஞ்சிவிடும். ஆனையிறவு போன்ற வெட்டவெளியில் பாரம் குறைந்த பைக்கைப் பக்கவாட்டில் தள்ளும். அந்த மாதங்களில் போகிறவர்கள், இருபக்கமும் மரம் நிற்கிற பாதைக்கு முன்னுரிமை கொடுங்கள்.

படி 3: குறைந்தது இரண்டு பாதைகளைத் தாளில் எழுதுங்கள்

போனில் வேண்டாம், தாளில் எழுதுங்கள். ஊர்ப் பெயர்களை வரிசையாக எழுதும்போதே பாதை மனதில் பதியும். சிக்னல் இல்லாத காட்டில் அந்தத் தாள்தான் உதவும்.

யாழ்ப்பாணத்துக்கான முதல் பாதை: திருகோணமலை, பன்குளம், ஹொரவப்பொத்தானை, அங்கிருந்து ஏ29இல் வவுனியா, பிறகு ஏ9இல் ஓமந்தை, மாங்குளம், முறிகண்டி, கிளிநொச்சி, பரந்தன், ஆனையிறவு, சாவகச்சேரி, யாழ்ப்பாணம். கிட்டத்தட்ட 240 கிலோமீட்டர். வவுனியா வரை காடும் குளமும். அதன் பிறகு நல்ல காபெட் ரோட்டு, பஸ்ஸும் லொறியும் அதிகம். காலையில் மேற்கே போவதால் வெயில் முதுகுப் பக்கம் இருக்கும், கண்ணைக் குத்தாது. முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் அந்த வழி போகிற எல்லாரும் நிற்பார்கள். நீங்களும் நின்று, தேங்காய் உடைத்து, கச்சான் கடலை வாங்கிக்கொண்டு போகலாம்.

இரண்டாவது: நிலாவெளி, குச்சவெளி, புல்மோட்டை, கொக்கிளாய்க் களப்பை மேற்கால் சுற்றிக் கொக்குத்தொடுவாய், நாயாறு, அலம்பில், முல்லைத்தீவு, பிறகு ஏ35இல் புதுக்குடியிருப்பு, விசுவமடு, பரந்தன். அழகில் இதற்கு ஈடில்லை. ஆனால் புல்மோட்டைக்கும் முல்லைத்தீவுக்கும் நடுவில் ஆள் நடமாட்டம் குறைவு. முல்லைத்தீவு தாண்டியதும் வருகிற வட்டுவாகல் கடவை, மழைக்காலத்தில் முதலில் விசாரிக்க வேண்டிய இடம்.

தனியாகப் போகிற புதியவர் வவுனியாப் பாதையைத் தெரிவு செய்யட்டும். இரண்டு மூன்று பைக்குகள் சேர்ந்து போனால், மழையில்லாத மாதத்தில் கரைப் பாதை. போகும்போது ஒன்று, வரும்போது மற்றது என்று வைத்தால் இன்னும் நல்லது.

தெற்கே போகிறவர்களுக்கு ஏ15 பற்றியும் சொல்ல வேண்டும். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை அங்கே களப்பைப் படகுப் பாதையில்தான் கடந்தோம். பிறகு வெருகல் போன்ற இடங்களிலும் பாலங்கள் வந்து இந்த வழி முழுமையாயிற்று. செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமம் போகிற பாதயாத்திரைக்காரர்கள் முல்லைத்தீவு, கோணேசர் கோயில், வெருகல் என்று காலங்காலமாக இறங்கி வருவது இந்தக் கரையோடுதான். அவர்கள் நிற்கிற இடங்களைக் கவனியுங்கள்: தண்ணீரும் நிழலும் கோயிலும் உள்ள இடம். பைக்கில் போகிறவரும் இளைப்பாறும் இடங்களை அப்படியே குறிக்கலாம், ஏறத்தாழ 50 கிலோமீட்டருக்கு ஒன்று.

கொழும்புப் பக்கம் போகிறவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம்: அதிவேக நெடுஞ்சாலைகளில் மோட்டார் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. கூகுள் மேப்பில் அவற்றைத் தவிர்க்கும் தெரிவை முதலே போட்டுவிடுங்கள்.

படி 4: பெற்றோல் கணக்கு

டாங்கை நிரப்பி, மீற்றரைக் குறித்து, ஊருக்குள் சில நாள் ஓடி, மறுபடி நிரப்புங்கள். ஓடிய தூரத்தை இரண்டாம் தடவை ஊற்றிய லீட்டரால் வகுத்தால் உங்கள் பைக்கின் உண்மைக் கணக்கு வரும். லீட்டருக்கு 50 வந்தால் 40 என்று எடுங்கள். பின்சீட்டு ஆளும் எதிர்காற்றும் மிச்சத்தைத் தின்றுவிடும்.

அரை டாங்குக்குக் கீழே இறங்குமுன் நிரப்புங்கள். கரைப் பாதை என்றால் திருகோணமலையிலேயே முழு டாங்க். டியூப் டயர்க்காரர்கள் புதிய டியூப் ஒன்று, கழற்றும் சாவி, சின்னக் காற்றுப் பம்ப் கொண்டுபோங்கள். காட்டுப் பகுதியில் ஒட்டுக்கடை சந்திக்குச் சந்தி இருக்காது.

படி 5: அந்த வழியால் நேற்று வந்தவரிடம் கேளுங்கள்

திருகோணமலை பஸ் நிலையத்தில் நிற்கிற சாரதிகள், நடத்துநர்கள், மீன் லொறிக்காரர்கள், இவர்களை விடப் புதிய செய்தி வேறு எங்கும் கிடையாது. கேட்கிற விதம் முக்கியம். "ரோட்டு எப்பிடி?" என்று கேட்டால் "நல்ல ரோட்டு தம்பி" என்று முடித்துவிடுவார்கள். இடம் குறித்துக் கேளுங்கள்.

"நானா, வெருகல் தாண்டி எங்கயாவது ரோட்டு உடைஞ்சு கிடக்கா? தண்ணி நிக்குதா?"

"தண்ணி இல்ல மகன். ஆனா வாகரைக்கு முன்னுக்கு கிரவல் கொட்டி வேலை நடக்கு. பைக் எண்டா பைய பைய போங்க."

காபெட் ரோட்டில் 60இல் வந்து திடீரென்று கிரவலில் இறங்கினால் முன்சில்லு வழுக்கும். அந்த ஒரு செய்திக்காகவே பஸ் நிலையத்துக்கு நடக்கலாம். கேட்டதைத் தாளில் அந்த ஊர்ப் பெயருக்குப் பக்கத்தில் எழுதுங்கள்.

படி 6: ஒத்திகை ஓட்டம்

பெரிய பயணத்துக்கு ஒரு கிழமை முன்னர், கொண்டுபோகப்போகிற பொதிகளை அப்படியே கட்டிக்கொண்டு புல்மோட்டை போய் வாருங்கள். போக வர 100 கிலோமீட்டருக்குச் சற்று மேல். பொதி எங்கே சரிகிறது, எத்தனை கிலோமீட்டரில் இடுப்பு வலிக்கிறது, உங்கள் சராசரி வேகம் உண்மையில் எவ்வளவு என்பதெல்லாம் தெரிந்துவிடும். சராசரி 35தான் வந்தது என்றால் முதலாம் படிக்குத் திரும்பி, 40ஐ வெட்டி 35 போடுங்கள். அப்போது எல்லை 260 அல்ல, 230க்குக் கிட்டத்தான். வவுனியாப் பாதைக்கே அது போதாது. அப்படியானால் போகிற வழியில் வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ ஓர் இரவு தங்குகிற மாதிரிப் பயணத்தை இரண்டாகப் பிரியுங்கள்.

படி 7: வீட்டில் ஒரு பிரதி

சாரதி அனுமதிப்பத்திரம், வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதி, புகைப் பரிசோதனைச் சான்றிதழ் நான்கும் ஒரு பொலித்தீன் உறையில். தலைக்கவசம் இருவருக்கும்.

பாதைத் தாளின் பிரதி ஒன்றை வீட்டில் கொடுங்கள், ஒவ்வோர் ஊருக்கும் நேரே சேரும் நேரத்தோடு. வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் நின்று அம்மாவுக்கு ஒரு அழைப்பு. தாளின் மேலே இரண்டு இலக்கங்கள்: பொலிஸ் 119, இலவச அம்புலன்ஸ் சுவசெரிய 1990. அம்புலன்ஸ்காரர் முதலில் கேட்பது எந்த இடத்தில் நிற்கிறீர்கள் என்றுதான். ஆகவே ஓடும்போது வீதியோரக் கிலோமீட்டர் கற்களைப் பார்த்துக்கொண்டே போங்கள், எந்த வீதி என்பதோடு கடைசியாகக் கடந்த கல்லின் எண்ணையும் சொன்னால் அவர்கள் நேரே வந்துவிடுவார்கள்.